சரியான நிறம் யாருடைய நிறம்? கம்ப்யூட்டர் திரையில் பிசகும் வண்ணங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

சிறுபத்திரிகைக்கு அட்டை தயாரிக்கிறவர்கள், இயக்கத்துக்குப் போஸ்டர் அடிக்கிறவர்கள், ஊர்வலங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்துகிறவர்கள் என எல்லோரிடமும் ஒரு புகார் உண்டு: "திரையில நல்லாத்தாங்க இருந்துச்சு, அச்சுல வேற மாதிரி வந்திருக்கு." சிவப்பு செங்கல் நிறமாகிறது. நீலம் கத்திரிப்பூவாகிறது. மனித முகங்கள் சாம்பல் பூசிக்கொள்கின்றன அல்லது ஆரஞ்சுப் பழம்போல் மின்னுகின்றன.

இந்தப் புகாருக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று தொழில்நுட்பக்காரர் சொல்வது: "மானிட்டரை மாத்துங்க, செட்டிங்கை மாத்துங்க, சரியாயிடும்." மற்றது நம் வட்டாரத்தில் பிரபலமானது: "நிறம் என்பதே ஒரு கட்டமைப்பு, சரியான நிறம்னு ஒண்ணு ஏது?" முதல் பதில், 'சரி' என்பதை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வியை எழவே விடுவதில்லை. இரண்டாவது பதில் கேள்வியை எழுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. கத்திரிப்பூ நிறமான கொடி கத்திரிப்பூவாகவே சுவரில் ஒட்டப்படுகிறது.

போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் நிறம் பிசகுவதில் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒன்று, ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய பழுது. இன்னொன்று, எல்லாம் ஒழுங்காக இயங்கும்போதும் நியமத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சாய்வு. இரண்டையும் பிரித்தறியாமல் முதலாவதைத் திருத்தவும் முடியாது, இரண்டாவதை எதிர்க்கவும் முடியாது. அந்தப் பிரித்தறிதலுக்கான குறிப்புகள் இவை.

2

முதலில், படக்கோப்பு என்பது என்ன? அதற்குள் நிறம் கிடையாது. எண்கள்தான் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், பெரும்பாலும் 0 முதல் 255 வரை. 200, 120, 90 என்று எழுதியிருந்தால் அது எந்த நிறம்? எந்தத் திரையின் சிவப்பில் 200 என்று தெரியாதவரை இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஒரே எண் ஒரு திரையில் மாநிறமாகவும் இன்னொன்றில் செம்பருத்தியாகவும் தெரியும். நம் இலக்கணத்தில் சொன்னால் இந்த எண்கள் காரணப்பெயர்கள் அல்ல, இடுகுறிகள். குறிக்கும் அது சுட்டும் பொருளுக்கும் இயற்கையான உறவு இல்லை என்று சசூர் மொழிக்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

நம்மில் பலருக்கு இந்த அனுபவம் வேறு ரூபத்தில் ஏற்கெனவே உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன், பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரையை வேறொரு எழுத்துருவில் திறந்தால் என்ன ஆகும்? உளறல். கோப்பு கெடவில்லை, ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை; எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் சாவி மட்டும் மாறிவிட்டது. படங்களில் அந்தச் சாவியின் பெயர் ப்ரொஃபைல். இந்த எண்களை இந்த முறைப்படி நிறமாக வாசி என்று சொல்லும் அகராதி அது. அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடாக், அக்ஃபா உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993இல் ஐசிசி என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தி இந்த அகராதிகளுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தன. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியை முன்வைத்தன. அக்காலத்துக் கண்ணாடிக்குழாய் மானிட்டர்களின் சராசரி நடத்தைதான் அதன் அடிப்படை. இன்று குழாய் மானிட்டர்கள் குப்பைக்குப் போய்விட்டன, அவற்றின் சராசரி மட்டும் நியமமாக நிலைத்துவிட்டது.

இந்த நியமங்களெல்லாம் ஏதோ வானத்திலிருந்து இறங்கியவை என்று நினைக்கவேண்டாம். போட்டோஷாப்பில் இருக்கும் 'அடோபி ஆர்ஜிபி (1998)' என்ற நிறவெளி, வேறொரு தொலைக்காட்சி நியமத்தின் மதிப்புகளை எடுத்தெழுதும்போது நேர்ந்த பிழையால் பிறந்தது. பிழையைக் கண்டுபிடித்தபோது பயனாளர்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. பெயரை மாற்றிப் பிழையையே நியமமாக்கிவிட்டார்கள்.

ப்ரொஃபைல் தொடர்பாக மென்பொருளில் இரண்டு கட்டளைகள் உண்டு. பெரும்பாலான குழப்பங்களும் இந்த இரண்டைக் குழப்புவதால் வருபவைதான். 'அசைன் ப்ரொஃபைல்' என்றால் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அகராதியை மட்டும் மாற்றுவது. எண் மாறாது, திரையில் நிறம் மாறும். 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' என்றால் மொழிபெயர்ப்பது. நிறத்தைக் காப்பாற்றுவதற்காக எண்கள் மாற்றப்படும்.

மொழிபெயர்ப்பு என்றதும் அதன் தகராறுகளும் வந்துவிடுகின்றன. மூலமொழியில் இருக்கிற சொல் இலக்குமொழியில் இல்லையென்றால்? திரையில் காட்டமுடிகிற நிறங்கள் சில காகிதத்தில் இல்லவே இல்லை. மென்பொருள் இரண்டு முக்கியமான வழிகளைத் தருகிறது. 'பெர்செப்சுவல்' என்பது எல்லா நிறங்களையும் சேர்த்துச் சற்றே சுருக்கி அவற்றுக்கிடையிலான உறவைக் காப்பாற்றும். 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' என்பது சொல்லமுடிந்ததைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு, முடியாததை எல்லைக்கோட்டில் வெட்டி நிறுத்தும். தொனியைக் காப்பாற்றும் மொழிபெயர்ப்பா, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பா என்று நாம் போடும் சண்டையை இவர்கள் ஒரு மெனுவுக்குள் அடக்கிவைத்திருக்கிறார்கள்.

3

சரி, நிறம் பிசகிவிட்டது. என்னதான் பண்றது? கண்டபடி ஸ்லைடர்களை இழுப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல் இழுத்தால் ஒரு பிழையின்மேல் இன்னொரு பிழையை ஏற்றுகிறோம். முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

ஒரு படம் மட்டும்தான் பிசகுகிறதா, எல்லாமுமா? எல்லாப் படங்களும் ஒரேமாதிரி மஞ்சளடித்தோ நீலமடித்தோ தெரிந்தால் பழுது படத்தில் இல்லை, திரையில்தான். கண்ணுக்கு இதமாக என்று மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் இரவு வசதி இயங்குகிறதா பாருங்கள். போட்டோஷாப்பில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்து, பிரவுசரில் சரியாகத் தெரிந்தால் மானிட்டருக்கென்று கணினியில் ஏறியிருக்கும் ப்ரொஃபைல் பழுதாகியிருக்கலாம். இயங்குதளத்தின் நிற நிர்வாகப் பகுதிக்குப் போய், சோதனைக்காக அதை எடுத்துவிட்டு எஸ்ஆர்ஜிபியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நிரந்தரத் தீர்வு, திரைமேல் வைத்து அளக்கும் கலரிமீட்டர் ஒன்றால் மானிட்டரை அளவிடுவது. கருவி விலை அதிகம்தான்; ஆனால் நாலு பத்திரிகைகள் சேர்ந்து ஒன்று வாங்கி மாறிமாறிப் பயன்படுத்துவதை எந்தத் தத்துவமும் தடைசெய்யவில்லை.

ஒரு மென்பொருளில் மட்டும்தான் பிசகுகிறதா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் ப்ரொஃபைல் தகராறு. கோப்பில் ப்ரொஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பும் வழியில் சில செயலிகள் அதை உதிர்த்துவிடும். இல்லையென்றால் முதலில் எஸ்ஆர்ஜிபியை அசைன் செய்து பாருங்கள். அப்போது படம் சோகைபிடித்ததுபோல் வெளிறியிருந்தால் அது அடோபி ஆர்ஜிபி போன்ற அகன்ற வெளியில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அதை அசைன் செய்து பார்க்கவேண்டும். மாறாக முகமெல்லாம் ரத்தச்சிவப்பாக இருந்தால் எஸ்ஆர்ஜிபி படத்தை அகன்ற வெளியாக வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். சரியான சாவி கிடைத்தபிறகு, வெளியே அனுப்புமுன் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து, ப்ரொஃபைலைச் சேர்த்தே சேமிக்கவேண்டும். இன்னொரு எளிய காரணமும் உண்டு. போட்டோஷாப்பில் கன்ட்ரோல் விசையோடு ஒய் விசை தெரியாமல் அழுந்திவிட்டால் 'ப்ரூஃப் கலர்ஸ்' இயங்கி, காகிதத்தில் எப்படி வரும் என்பதைத் திரையில் பாவித்துக் காட்டத் தொடங்கும். படம் திடீரென்று மங்கியதும் மென்பொருள் கெட்டுவிட்டது என்று திரும்ப நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே தலைப்புப்பட்டையில் ஆர்ஜிபிக்குப் பக்கத்தில் சிஎம்ஒய்கே என்று எழுதியிருந்தால் விஷயம் அதுதான்.

திரையில் சரியாக இருந்து அச்சில் மட்டும் பிசகுகிறதா? அச்சில் எல்லாம் இருட்டாக வந்தால் அநேகமாகத் திரை வெளிச்சம் அதிகம். திரை ஒளியைக் கொடுக்கிறது, காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டபின் திருத்த உட்காருங்கள். அச்சகத்தில் ப்ரூஃபை டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்துத் தலையாட்டாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல்வெளிச்சத்தில் பாருங்கள்.

4

அச்சு என்று வந்தபின் நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தலித் அரசியலின் நிறம் நீலம். போஸ்டரிலும் அட்டையிலும் அது ஊதாவாகிவிடுவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். "மெஷின் பண்றது சார், நாங்க என்ன பண்ண" என்பது அச்சகத்தின் பதில். மெஷின் ஏன் பண்ணுகிறது?

திரையின் முழுநீலம் 0, 0, 255. நீல ஒளி மட்டும். அச்சில் நீல மை என்று ஒன்று கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளில் சயானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலம். முழுநீலத்தை அதே ஆழத்தோடு காட்டக் காகிதத்தால் முடியாது. போட்டோஷாப்பின் அமெரிக்க இயல்புநிலை அமைப்பில் அதை மாற்றினால் சுமார் 88 விழுக்காடு சயானும் 77 விழுக்காடு மெஜந்தாவும் வரும். இரண்டும் இவ்வளவு நெருங்கிவந்தால் அது நீலமில்லை, ஊதாதான். தீர்வு சிரமமானதல்ல. தானியங்கி மாற்றத்தை நம்பாமல் எண்களைக் கையால் கொடுக்கவேண்டும்: சயான் 100 வைத்துக்கொண்டு மெஜந்தாவை அதைவிட 30 புள்ளியாவது குறைக்கவேண்டும். 100, 60 என்றால் ஆழ்ந்த நீலம், 100, 50 என்றால் ஐயத்துக்கிடமில்லாத நீலம். கொடியும் தலைப்பும் மட்டும் ஒரே நிறமாக வேண்டுமென்றால் நான்கு மைக்கு வெளியே தனியாக நீல மை ஓட்டச் சொல்லலாம், செலவு கூடும்.

அந்த இயல்புநிலை அமைப்பு என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கப் பத்திரிகைகளை அச்சிடும் பெரிய வெப் ஆஃப்செட் இயந்திரங்களையும், அவற்றில் ஓடும் வழவழப்பான தாளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அகராதி அது. ஐந்நூறு பிரதி அடிக்கும் நம் இதழ், உள்ளூர் ஷீட் ஆஃப்செட்டில், மை உறிஞ்சும் சாதாரணத் தாளில் ஓடுகிறது. அச்சகத்தாரிடம் எந்த ப்ரொஃபைலுக்குத் தயார் செய்வது என்று கேளுங்கள். தெரியாது என்றால் அதே தாளில் அவர்கள் முன்பு அடித்த ஒன்றை வாங்கிப் பாருங்கள். பூசப்படாத தாளுக்கான ப்ரொஃபைலைத் தேர்ந்து திரையில் ப்ரூஃப் பாருங்கள். 'இயல்புநிலை' என்ற சொல் எங்கே வந்தாலும் யாருடைய இயல்பு என்று கேட்கிற நம் பழைய வழக்கம் இங்கே காசையும் மிச்சப்படுத்துகிறது.

5

இதுவரை பேசியது பழுது. இனி நியமம்.

நிறத்தை எண்ணாக்கும் முயற்சிகளுக்கெல்லாம் அடித்தளம் 1931இல் வகுக்கப்பட்ட 'நியமப் பார்வையாளர்'. ரைட், கில்டு ஆகிய இருவர் தனித்தனியே இங்கிலாந்தில் நடத்திய சோதனைகளில் பங்கேற்றவர்கள் மொத்தம் 17 பேர். ஆக, உலகத்தின் நிறமெல்லாம் 17 பேரின் கண்ணா என்று உடனே எழுதத் தோன்றும். அது மலிவான வாதம். இரண்டு ஒளிகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பொருத்திப்பார்க்கும் திறன், நிறக்குருடு இல்லாத மனிதர்களிடையே தோலின் நிறத்தைப் பொறுத்து மாறுவதில்லை. அளவீட்டில் இனவாதத்தைத் தேடினால் நேரம்தான் விரயம். அளந்தபிறகு எடுக்கப்படும் முடிவுகளில் தேடவேண்டும்.

அந்த முடிவுக்கு நல்ல உதாரணம் ஷெர்லி அட்டை. 1954 வரை கோடாக் விற்ற கலர் பிலிமின் விலையிலேயே கழுவி அச்சிடும் கூலியும் அடக்கம். அந்த ஆண்டு அமெரிக்க அரசின் ஏகபோக எதிர்ப்பு நடவடிக்கையால் அது பிரிக்கப்பட்டு வெளி லேப்களுக்கும் வேலை போயிற்று. லேப்கள் ஒரேமாதிரி அச்சிட ஒரு மாதிரிப் படம் வேண்டும். கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தவர் ஷெர்லி என்ற அதன் ஊழியர், வெள்ளைக்காரப் பெண். பின்னால் வேறுவேறு பெண்கள் வந்தார்கள், பெயரும் தோலும் மாறவில்லை. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. லேப் ஆளுக்கு அதற்குமேல் யோசிக்க வேலையில்லை. விளைவு: வெள்ளை முகமும் கறுப்பு முகமும் ஒரே படத்தில் இருந்தால் ஒன்று நன்றாக விழும், மற்றதில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்.

கனடாவின் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் பதிவுசெய்யும் ஒரு தகவல் முக்கியமானது. பழுப்பின் வேறுபாடுகளை பிலிம் பிடிக்கவில்லை என்று கோடாக்கை நெருக்கியதில், மரச்சாமான் விற்பவர்களுக்கும் சாக்லேட் தயாரிப்பாளர்களுக்கும் பெரிய பங்கு இருந்தது. தேக்குக்கும் வேறு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவேண்டும், பால் சாக்லேட்டும் கறுப்புச் சாக்லேட்டும் ஒன்றுபோலிருக்கக்கூடாது. மனிதர்களின் முகம் அத்தனை ஆண்டுகளாகச் செய்யாததைச் சரக்கின் முகம் செய்தது. இதற்குமேல் விளக்கவுரை தேவையில்லை.

6

பிலிம் போய்விட்டது, ஷெர்லி போய்விட்டாரா? கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைவேட்டி, வெள்ளைச்சுவர், நடுவில் கறுத்த முகம் என்றால் வெள்ளையை அடக்குவதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் தொலையும். தானியங்கி வெள்ளைச் சமன்பாடும் அப்படித்தான். செங்கொடி ஊர்வலத்தில் சிவப்பு அதிகம் என்று கண்டு எதிர்ப்பக்கம், பச்சைநீலம் நோக்கித் தள்ளும். கொடியும் மங்கும், முகமும் பிணக்களை கொள்ளும். இவற்றுக்கு மருந்து படமெடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. முகத்துக்கு ஒளியை அளந்து எடுங்கள், ரா கோப்பாக எடுங்கள், சாம்பல் அட்டை ஒன்றை முதல் படத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு மென்பொருளில் அந்த அட்டையின்மேல் ஒரு சொடுக்கு போதும்.

இதைச் செய்யாமல் இருட்டான முகத்தைப் பிறகு ஏற்றும்போதுதான் விபரீதம் நடக்கிறது. ஒளியின் குறையைத் திருத்துவதும் தோலின் நிறத்தைத் திருத்துவதும் ஒரே ஸ்லைடரில் கலந்துவிடுகின்றன. வண்ணத்திருத்தப் பாடங்களில் ஒரு சூத்திரம் சொல்லித்தருவார்கள்: முகத்தில் மஞ்சள் மெஜந்தாவைவிடச் சற்றுக் கூடுதல், சயான் மெஜந்தாவில் மூன்றிலோ ஐந்திலோ ஒரு பங்கு. இது வெளிர்ந்த தோலின் கணக்கு. கறுத்த தோலில் சயான் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். சூத்திரத்துக்குப் பணிந்து அதைக் குறைத்தால் முகம் ஆரஞ்சாகும். 'திருத்தம்' என்ற பெயரில் ஒரு பழுது உற்பத்தியாகிறது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. கொலைவழக்கில் கைதான ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டும் 1994 ஜூனில் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் உள்ளபடி போட்டது. டைம் இதழின் அட்டையில் முகம் மேலும் கறுப்பாக்கப்பட்டிருந்தது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால்தான் எல்லோருக்கும் தெரிந்தது. குற்றவாளி என்று காட்டக் கறுப்பேற்றுவது, மதிப்புக்குரியவர் என்று காட்டக் கறுப்பிறக்குவது: இரண்டுக்கும் ஒரே இலக்கணம்.

இரண்டாவது வேலையில் நாம் கெட்டிக்காரர்கள். நாட்காட்டியிலும் போஸ்டரிலும் நம் தலைவர்களெல்லாம் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டு வருகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் யாரும் கேட்காமலே மணப்பெண்ணை ஸ்டூடியோக்காரர் வெளுப்பாக்கித் தருகிறார். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மட்டும் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. சாதி ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டவரின் படத்தை நினைவஞ்சலிப் போஸ்டராக்கும் தோழர்கூடத் தன்னை அறியாமல் அந்த முகத்தை இரண்டு படி ஏற்றிவிடுகிறார். யாருடைய உடல் அப்படி இருந்ததால் அப்படி நடத்தப்பட்டதோ, அந்த உடலை நாம் நினைவிலிருந்தும் அழிக்கிறோம்.

நம் பேச்சுமொழியில் இதற்கென்றே ஒரு சொல்வழக்கு இருக்கிறது: "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி." கறுப்பு என்பது நிறத்தின் பற்றாக்குறையாம். திரையில் இது உண்மைபோலத் தோன்றும், அங்கே கறுப்பு 0, 0, 0. அச்சுக்கு வாருங்கள். வெளுத்த முகத்துக்குக் கொஞ்சம் மஞ்சளும் மெஜந்தாவும் போதும், மிச்சம் வெற்றுத்தாள். கறுத்த முகத்துக்கு நாலு பிளேட்டும் உழைக்கவேண்டும். அச்சகத்தில் கறுப்பு முகம்தான் கலர் அதிகம்.

7

அப்படியானால் கறுத்த உடல்கள் துல்லியமாகப் பதிவாகிவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? இங்கே போலராய்ட் கதையை நினைவுகொள்ளவேண்டும். தங்கள் நிறுவனத்தின் படமெடுக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களுக்கான பாஸ்புக்குகளுக்குப் பயன்படுவதைக் கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பின ஊழியர்கள் 1970இல் கண்டுபிடித்துப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1977இல் போலராய்ட் அந்த நாட்டிலிருந்து வெளியேறியது. அந்த ஆட்சிக்குக் கறுத்த முகம் தெளிவாகப் பதிவாவதுதான் தேவைப்பட்டது. 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் மூன்று முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தபோது, கறுத்த பெண்கள் விஷயத்தில் பிழை 34.7 விழுக்காடு வரை போனது, வெளுத்த ஆண்களிடம் 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இந்தப் பிழை திருத்தப்படவேண்டியதுதான். திருத்தியபின் அந்தக் கேமரா யார் கையில் என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

ஆகவே துல்லியம் நமக்கு எதற்கு என்பதை நாம்தான் முடிவுசெய்யவேண்டும். வழக்குக்கோ உண்மையறியும் அறிக்கைக்கோ போகும் படமென்றால் மூலக்கோப்பைத் தொடாமல் காப்பாற்றி, பிரதியில்மட்டும் வேலைசெய்து, என்ன செய்தோம் என்று எழுதிவைக்கவேண்டும். காயத்தின் நிறம் அங்கே சாட்சி. போஸ்டர் என்றால் வெளிச்சத்தைத் திருத்தலாம், நிறத்தைச் சம்பந்தப்பட்டவரிடமோ வீட்டாரிடமோ காட்டிக் கேட்கலாம். அடையாளம் தெரிந்தால் ஆபத்து வரக்கூடியவரின் படமென்றால் இருட்டே நல்லது. துல்லியம் அங்கே துரோகம்.

இதழ்கள் ஒரு காரியம் செய்யலாம். ஷெர்லிக்குப் பதிலாக நம்முடைய சோதனைப் படம் ஒன்றைத் தயாரிக்கலாம். பகல்வெளிச்சத்தில், சாம்பல் அட்டையோடு, நம் வெவ்வேறு தோல்நிறங்களில் நாலைந்து பேர், பக்கத்தில் ஒரு நீலத்துணி, ஒரு சிவப்புத்துணி, ஒரு கறுப்புத்துணி. ப்ரொஃபைலோடு சேமித்து, ஒவ்வோர் இதழ் அச்சாகும்போதும் முதலில் அந்தப் படத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். அதில் முகங்கள் சரியாக வந்தால் பிளேட் ஓடட்டும்.